ஃபேன் நின்றால்

பெட்டி குளிர்ந்திருந்தது.

வெயில் இறங்கியும் சூடு இறங்காத மாலை. சுவரைத் தொட்டால் சுவர் சுட்டது, குழாயைத் திறந்தால் வெந்நீர் வந்தது, நாற்காலியில் உட்கார்ந்தால் யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி பிளாஸ்டிக் வெதுவெதுவென்று இருந்தது. அப்படிப்பட்ட வீட்டில், கூடத்து மூலையில், நாள் முழுக்க ஓடும் கருவிகளை வயிற்றில் அடக்கிக்கொண்டு நிற்கும் இரும்புப் பெட்டி மட்டும் மண்பானையின் அடிவயிறுபோல ஜில்லென்று இருந்தது. அவன் உள்ளங்கையை அதன் கதவில் வைத்தான். எடுத்தான். நம்பாமல் மறுபடி வைத்தான்.

"பாத்தியா?" என்றான் மனைவியிடம், அந்தக் குளிர்ச்சியைப் பத்து மாதம் சுமந்து பெற்றவன் போல. "இதான் தொழில் சுத்தம்."

"பெட்டிக்கு ஃபேன். பொண்டாட்டிக்கு பழைய நியூஸ்பேப்பர்" என்றாள் அவள், கையிலிருந்த நியூஸ்பேப்பரால் விசிறிக்கொண்டே. "நல்லா இருக்கு உங்க தொழில் சுத்தம்."

தெருவிலுள்ள கடைகளுக்குக் கேமரா மாட்டிக் கொடுப்பது அவன் வேலை. அந்தக் கேமராக்கள் பார்ப்பதையெல்லாம் பதிவு செய்யும் கருவி இந்தப் பெட்டிக்குள் இருந்தது. போன மாதச் சூட்டில் அது தீய்ந்துபோய், கடைக்காரர்கள் ஆளாளுக்குப் போன் போட்டுத் திட்டித் தீர்த்தார்கள். அதன்பிறகுதான் புதுக் கருவியும், ஒரு பழைய இரும்புப் பெட்டியும், கையளவு ஃபேனும், அதை இயக்க ஒரு தெர்மோஸ்டாட்டும் வாங்கினான். தெர்மோஸ்டாட் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தீப்பெட்டி அளவு டப்பா, முகத்தில் ஒரு சிவப்புக் குமிழ். உள்ளே இருக்கும் மெல்லிய உலோகத் தகடு சூடு மாறினால் வளையும், வளைந்தால் 'டக்' என்று சத்தம் வரும், ஃபேன் ஓடும். பிறகு இன்னொரு டக். நிற்கும்.

பெட்டி பழைய இரும்புக்கடையில் கிடைத்தது. இடுப்பு உயரம். எங்கேயிருந்து வந்தது என்று கேட்டதற்கு, "இரும்புக்கு ஏதுங்க ஊரு?" என்று சிரித்துவிட்டு, இரும்புக்கடைக்காரர் அதை வண்டியில் ஏற்ற அவசரப்பட்டார். ரொம்பவே அவசரப்பட்டார்.

ஃபேன் காற்றைத் தள்ளும், குளிரை உண்டாக்காது. அறையில் முப்பத்தாறு டிகிரி இருந்தால் பெட்டிக்குள் முப்பத்தாறுக்குக் கீழே ஒரு துளியும் இறங்காது. இது அவனுக்குத் தெரியும். பத்துப் பேருக்கு விளக்கியும் இருக்கிறான். ஆனால் தெரிந்ததைச் சரியான நேரத்தில் மறந்துவிடுவது அவனுடைய பழைய திறமை. இரண்டு கையாலும் தன் முதுகைத் தட்டிக்கொள்ள முடியாத குறையைத் தவிர அன்று மாலை அவனுக்கு வேறு குறை இல்லை.

மனைவி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படுக்கையறை வாசலில் நின்றாள். மருந்துக்கடையில் அவளுக்கு மாலை முறை. அவள் போனால் அவன் வீட்டில், அவன் போனால் அவள். உள்ளே தொட்டிலில் தூங்கும் குண்டுமணிக்காக இருவரும் செய்துகொண்ட ஏற்பாடு. குண்டுமணி இன்னும் தவழக்கூட ஆரம்பிக்கவில்லை.

"ஏங்க, மத்தியானம் இவ கை ரெண்டும் சில்லுன்னு இருந்துச்சு."

"இந்த வெயில்லயா?"

"அதான் எனக்கும் புரியல. காச்சல் ஏதும் வருதோன்னு பாத்தேன், இல்ல. கொஞ்ச நேரத்துல தானா சரியாயிடுச்சு."

"நீ அடுப்புகிட்ட நின்னுட்டு வந்து தொட்டிருப்ப. உன் கை சூடு."

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்கீங்க." செருப்பை மாட்டினாள். "இன்னொண்ணு. அந்த ஃபேன் நிக்காம ஓடற மாதிரி பண்ண முடியாதா? நின்னா அழறா."

"யாரு?"

"நானா அழுவேன்? உங்க பொண்ணுதான். சத்தம் கேக்கற வரைக்கும் நிம்மதியா தூங்கறா. நின்னுச்சுன்னா போச்சு, வீல்னு ஒரு கத்தல். திரும்ப ஓட ஆரம்பிச்சா கப்சிப்."

"அப்பா மாட்டின ஃபேன்ல தாலாட்டு கேக்குது. ஞானக்குழந்தை."

"அரை வோல்ட் பெத்த கால் வோல்ட்" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

அரை வோல்ட் என்பது உதிரிபாகக் கடைக்காரர் அவனுக்கு வைத்த பேர். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பேட்டரியைத் தலைகீழாகப் போட்டுவிட்டு, விளக்கு சரியில்லை என்று சண்டைக்குப் போனான். பேர் ஒட்டிக்கொண்டது.

அவள் போனபின் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தான். தெர்மோஸ்டாட்டை ஜோடியாகத்தான் வாங்கியிருந்தான். இரண்டாவதை மளிகைக்கடைக்காரரின் பெட்டிக்கு மாட்ட வேண்டும். அதற்கு முன் சோதனைக்காக அதை ஒரு குட்டி ஃபேனோடும் பேட்டரியோடும் இணைத்து, ஒரு கையில் தூக்கிப் போகிற மாதிரி அட்டையில் ஒட்டினான். குமிழை முப்பதில் வைத்தான். அறையில் சூடு முப்பதைத் தாண்டி வெகுநேரம் ஆகிறது, ஃபேன் ஓடவேண்டும்.

ஓடவில்லை.

கூடத்து மூலையில் பெட்டியின் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. தொண்டையை அடைத்துக்கொண்டு யாரோ ஒரே சுரத்தை இழுத்துப் பிடிக்கிற மாதிரியான சத்தம், நடுநடுவே ஒரு சின்னக் கரகரப்பு, அதனோடு இதுவரை அவன் கவனிக்காத ஒரு வாசனை: ஈரச் சாக்கும் இரும்பும் கலந்தது, வெகுநேரம் கைக்குள் வைத்திருந்த நாணயத்தை முகர்ந்தால் வருவது. மழை வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டான். ஜன்னலுக்கு வெளியே வானம் துடைத்த தட்டுபோல இருந்தது.

டக்.

பெட்டியின் ஃபேன் மெல்ல இளைத்து நின்றது. வீட்டில் திடீரென்று நிறைய இடம் வந்த மாதிரி ஓர் அமைதி.

படுக்கையறையில் குண்டுமணி வீறிட்டாள்.

எழுந்து ஓடினான். வாசலைத் தாண்டியதும் வெறுங்காலுக்குத் தரை குளிர்ந்தது. இப்போதுதான் யாரோ தண்ணீர் ஊற்றித் துடைத்ததுபோல, ஆனால் தரை காய்ந்திருந்தது. குளிர்ச்சி வாசலிலிருந்து தொட்டில்வரை ஒரு பாதையாக நீண்டு, இருபுறமும் தரை வழக்கம்போல வெதுவெதுப்பாகவே கிடந்தது. குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். பாதத்தைப் பிடித்தான். ஜில்லென்று இருந்தது.

"என்னடி தங்கம், ஃபேன் நின்னுடுச்சா? அப்பா போய் அத நாலு சாத்து சாத்தவா?"

முதுகைத் தட்டினான். மெதுவாக, இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, இரண்டு தட்டு. அவளைத் தூங்க வைக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வித்தை. அவள் அழுகையைச் சட்டென்று நிறுத்தினாள். அவன் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தாள். அவள் தலை மெல்லத் திரும்பியது, தொட்டில் பக்கத்திலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து கூடத்துக்கு, நடந்து போகிற ஒருவரைப் பார்ப்பதுபோல.

சிறிது நேரத்தில் கூடத்தில் டக் என்றது. ஃபேன் ஓட ஆரம்பித்தது. குழந்தை கண்ணை மூடிக்கொண்டாள்.

அவளைப் படுக்க வைத்துவிட்டு வந்தவன், மேசையில் இருந்த குட்டி ஃபேனைப் பார்த்தான். அது இன்னும் அசையவில்லை. ஒரே கடை, ஒரே ஜோடி, ஒரே முப்பது. ஒன்று ஓடுகிறது, இன்னொன்று சண்டித்தனம் செய்கிறது. எது சரி என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று பெட்டியின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கதவைத் திறந்தான்.

குளிர் வழிந்தது. பாதத்தின் மேல் ஏறி, கெண்டைக்காலைத் தடவிக்கொண்டு, முழங்காலைச் சுற்றி, பின்னால் போனது. பெட்டிக் காற்று என்று எண்ணிக்கொண்டான். கெண்டைக்கால் மயிர் மட்டும் அப்படி எண்ணிக்கொள்ளவில்லை.

மேல்தட்டில் பதிவுக் கருவி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. தொட்டான். சுட்டது. சுடத்தான் வேண்டும். பக்கத்துக் கருவியும் சுட்டது. கீழே இருந்த தட்டை, பிறகு ஏதாவது வைக்கலாம் என்று அவன்தான் கழற்றியிருந்தான். அந்த இடம் காலி. அங்கே கையை நீட்டினான்.

விரல் மரத்தது.

காலி இடத்தைச் சுற்றிய தகடுகளில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. மேலே ஒரு துளி இல்லை. தெர்மோஸ்டாட் அந்தக் கீழ்ப் பகுதியில்தான் இருந்தது. சூடு மேலே ஏறும், அதனால் மேலே மாட்ட வேண்டும். ஆனால் வயர் எட்டவில்லை, யார் பார்க்கப் போகிறார்கள் என்று கீழேயே மாட்டியிருந்தான். அரை வோல்ட்.

உதிரிபாகக் கடைக்காரருக்குப் போன் போட்டான்.

"அண்ணே, நீங்க குடுத்த ஜோடியில ஒண்ணு டம்மி. முப்பதுல வச்சா ஓடவே மாட்டேங்குது."

"நீ என்ன பண்ணி வச்ச? குமிழ் என்ன கலர்?"

"செவப்பு."

அந்தப் பக்கம் கடையே அதிர்கிற மாதிரி ஒரு சிரிப்பு. "டேய் அரை வோல்ட்டு! செவப்பு ஹீட்டருக்குடா! குளிரான ஊர்ல, பெட்டி உறைஞ்சு போகாம இருக்க ஹீட்டர் வைப்பாங்கல்ல, அதுக்கு. குளிர்ந்தாத்தான் ஆன் ஆகும். ஃபேனுக்கு நீலம்."

"சூட்டுக்கு செவப்புதானே அண்ணே சரி?"

"அப்படித்தான் நீ எடுத்திருப்பன்னு எனக்குத் தெரியும். போய் ஐஸ் தண்ணி பாட்டில எடுத்து அது மேல வை, ஓடும் பாரு."

எடுத்து வந்து வைத்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, டக். குட்டி ஃபேன் உற்சாகமாகச் சுழன்றது. பாட்டிலை எடுத்தான். கொஞ்ச நேரம் கழித்து நின்றது.

"ஓடுதா?"

"ஓடுது."

"அவ்ளோதான். நாளைக்கு வா, மாத்தித் தரேன். இத்தனை நாளா உன் பெட்டி ஃபேன் ஒரு சுத்துகூட சுத்தியிருக்காது. கருவி வெந்து போறதுக்குள்ள—"

"சுத்துதுண்ணே."

"எது?"

"பெட்டி ஃபேன். தினமும் சுத்துது. இப்பவும் சுத்துது."

"இந்த வெயில்ல எப்படிடா சுத்தும்? உள்ள முப்பதுக்குக் கீழ போனாத்தான் அது ஓடும். சரி, சுவிட்ச் ஒட்டிக்கிட்டிருக்கும். ஒட்டிக்கிட்டா நிக்காம ஓடும்."

"நிக்குதே. நின்னு நின்னு ஓடுது."

அந்தப் பக்கம் கடையில் யாரோ வயர் விலை கேட்பது கேட்டது.

"டேய்" என்றார், சிரிப்பு இல்லாத குரலில். "பெட்டிக்குள்ள என்னத்த வச்சிருக்க?"

போனை வைத்தபின் அவன் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தான். வெளியே இருட்டிவிட்டது. விளக்கைப் போட்டிருந்தான், இருந்தும் பெட்டியின் திறந்த கதவுக்குள் கீழ்ப்பாதி மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. ஃபேன் இழுத்துப் பிடித்த சுரம் விடாமல் வந்தது.

ஓடினால், உள்ளே குளிர் இருக்கிறது. உள்ளே ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது, முழங்காலைக் கட்டிக்கொண்டு, அவன் அதற்காகவே கழற்றி வைத்த இடத்தில்.

நின்றால்?

*நின்னா அழறா.*

அவள் தாலாட்டுக்கு ஏங்கி அழவில்லை.

ஆனாலும் ஒரு நல்ல சேதி இருந்தது. அந்த நிலைமையிலும் அதைக் கண்டுபிடித்ததற்காகத் தன்னைப் பாராட்டிக்கொண்டான். ஃபேன் இப்போது ஓடுகிறது. ஓடினால் அது உள்ளே. எட்டிப் பாய்ந்து கதவைச் சாத்தினான். பூட்டினான். சாவியை எடுத்துப் பையில் போட்டான். இன்சுலேஷன் டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்து, கதவிடுக்கில் ஒட்டினான், பின்பக்கத் துளைகளில் ஒட்டினான், வயர் நுழையும் ஓட்டையில் சுற்றினான், ஃபேனின் வலைமேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினான். அடைபட்ட ஃபேன் மூச்சுத் திணறிக்கொண்டு சுற்றியது. கருவி வேகட்டும். கடைக்காரர்கள் திட்டட்டும். டேப் தீர்ந்ததும் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, தொழில் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையை அரைகுறை இல்லாமல் முடித்திருக்கிறோம் என்று பெட்டியைப் பார்த்தான்.

"இப்ப வா, பாக்கலாம்" என்றான். குரல் நடுங்கியதில் அது கெஞ்சுவதுபோல ஆகிவிட்டது.

டக்.

ஃபேன் நின்றது.

டேப் எங்கும் கிழியவில்லை. பூட்டு பூட்டியபடி. கதவில் கையை வைத்தான். வெதுவெதுப்பு. கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் சூடு. கருவிகளின் சூடு. வெறும் பெட்டியின் சூடு.

அப்போதுதான் நினைவு வந்தது. எல்லாக் கடைக்காரர்களிடமும் அவனே சொல்லும் வசனம்: 'தெர்மோஸ்டாட் சோம்பேறிங்க. ஒட்டியிருக்கற இரும்பு சூடேறி, அப்புறம் அந்தத் தகடு சூடேறி வளைய நேரம் பிடிக்கும். அது சொல்றது எப்பவும் பழைய சேதி.'

பழைய சேதி.

குளிர் வழிந்தது. காலைத் தடவியது. பின்னால் போனது. கதவைத் திறந்தவன் அவன். பூட்டியதும் அவன்.

அது திரும்பி வர ஓர் ஓட்டைகூட விடாமல்.

படுக்கையறையைப் பார்த்தான். ஃபேன் நின்றுவிட்டது. இப்போது அவள் அழவேண்டும். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். அழு. அழுடி தங்கம்.

அவள் அழவில்லை.

மேசையிலிருந்த அட்டையைத் தூக்கினான். குட்டி ஃபேன் அசையாமல் இருந்தது. அதை விளக்குபோல முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தான். கூடம். அசையவில்லை. வாசல். அசையவில்லை. தரை வெதுவெதுப்பாக இருந்தது. பாதை இல்லை. மூலைகள் வெறும் மூலைகள். அலமாரிக்கு அடியில் குனிந்து நீட்டினான். கதவுக்குப் பின்னால். எங்கும் இல்லை.

தொட்டிலில் குண்டுமணி கண்ணைத் திறந்தபடி மல்லாந்து கிடந்தாள். அவனைப் பார்த்தாள்.

"இதோ வந்துட்டேன். நாம கீழ போலாம். அம்மாவைக் கூட்டிட்டு எங்கயாச்சும் போயிடலாம். இந்த வீடே வேணாம்."

ஒரு கையால் அள்ளித் தோளில் போட்டுக்கொண்டான். மறுகையில் அட்டை. கூடத்தைக் கடந்தான். பெட்டியைப் பார்க்கவில்லை. தாழ்ப்பாளை முழங்கையால் தள்ளினான். வெளியே வந்து காலால் கதவை இழுத்துச் சாத்தினான்.

படிக்கட்டில் பகலெல்லாம் அடைபட்ட புழுக்கம். பக்கத்து வீட்டில் தாளிக்கும் வாசனை. யார் வீட்டிலோ டிவி சிரித்தது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. மனிதர்கள். சூடு. நல்ல, நாறுகிற, வேர்க்கிற சூடு. குழந்தையை இன்னும் இறுக அணைத்துக்கொண்டான்.

"பயந்துட்டியா? நான்தான் பயந்துட்டேன். அம்மாகிட்ட சொல்லிடாத."

கீழே செருப்புச் சத்தம். அவள்தான். கடை மூடியாகிவிட்டது. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கி ஏறுகிற அவளுடைய நடை.

டக்.

கையில் ஃபேன் சுழன்றது.

காற்று என்று நினைத்தான். படிக்கட்டில் காற்றே இல்லை. கையை நீட்டினான், உடம்பிலிருந்து எட்டுகிற மட்டும். காத்திருந்தான். கீழே செருப்புச் சத்தம் நின்றது. மறுபடி ஏறியது. டக். ஃபேன் நின்றது.

மெல்ல அருகே கொண்டுவந்தான். நெஞ்சுக்கு. தோளுக்கு. குழந்தையின் முதுகருகே.

காத்திருந்தான்.

டக்.

கழுத்தில் அவள் மூச்சுப் படவில்லை. எப்போதும் சூடாகப் படும் இடம். சட்டைக்குள் ஈரமாக ஏதோ இறங்கியது. அவள் கன்னம் ஒட்டியிருந்த இடத்தில் தோல் மரத்துக்கொண்டு வந்தது. நாணய வாசனை.

"என்னங்க, ரெண்டு பேரும் வாசல்லயே வந்து நிக்கறீங்க?" மனைவி கடைசித் திருப்பத்தில் தெரிந்தாள். வேர்த்த முகம். களைத்த சிரிப்பு. கைப்பையைத் தோளில் தள்ளிவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். "குடுங்க என் தங்கத்த. அழாம இருந்தாளா?"

அவனால் கொடுக்க முடியவில்லை. விடவும் முடியவில்லை.

கையில் குட்டி ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. அவன் முதுகில் ஒரு பிஞ்சுக் கை, ஐஸ் பாட்டிலின் குளிரோடு, தட்டிக்கொடுக்க ஆரம்பித்தது. மெதுவாக. இரண்டு தட்டு. ஓர் இடைவெளி. இரண்டு தட்டு.